தொலைவில் வருவது நிற்பதுபோல் தோன்றும்

பகவத்கீதைக்கு ஸ்ரீ சங்கரர் அருளிய பாஷ்யத்தை மொழிபெயர்ப்பவர்கள் நான்காம் அத்தியாயத்தின் 18-ஆம் சுலோகத்தில் சற்று அதிக நேரம் தங்க வேண்டியிருக்கும். செயலில் செயலின்மையையும், செயலின்மையில் செயலையும் காண்பதைப் பற்றிய சுலோகம் அது. ஒன்றை அதற்கு நேர்மாறான மற்றொன்றாகக் காண்பது எப்படி நிகழும் என்ற ஐயத்தைத் தீர்க்க ஆசாரியர் அங்கே இரண்டு உவமைகளைத் தருகிறார். ஓடும் படகில் அமர்ந்திருப்பவனுக்குக் கரையில் நிற்கும் மரங்கள் எதிர்த்திசையில் செல்வதாகத் தோன்றும் என்பது முதலாவது. கண்ணுக்கு நெருக்கமாக இல்லாமல் வெகுதொலைவில் சென்றுகொண்டிருப்பவை அசையாதவைபோலத் தோன்றும் என்பது இரண்டாவது.

முதல் உவமையை வகுப்புகளில் பலமுறை விரித்துரைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு எளிதில் விளங்கும். ஓடும் ரயிலின் ஜன்னலோரத்தில் அமர்ந்தவர் எவருக்கும் அது சொந்த அனுபவம். இரண்டாவது உவமையை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே சென்றுவிடுவது என் வழக்கமாக இருந்தது. அதன் முழுப்பொருளை எனக்குக் கற்பித்த இடம் நூலகமல்ல; ஒரு ரயில்வே கேட்.

கேட்டின் அருகே

சில ஆண்டுகளுக்கு முன்பு ஹவுராவை அடுத்த புறநகர்ப் பகுதியில் ஒரு சொற்பொழிவுக்காகச் சென்றுகொண்டிருந்தேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நேரமோ கடந்துகொண்டிருந்தது. சைக்கிள்காரர்கள் சிலர் கேட்டின் கீழே குனிந்து தண்டவாளத்தைக் கடந்தார்கள். நான் இரு புறமும் பார்த்தேன். வலப்புறம் வெகுதூரத்தில் ஒரு ரயிலின் முகப்பு தெரிந்தது. அது நின்றுகொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. நானும் குனிந்து உள்ளே நுழைந்தேன்.

முதல் பாதையைக் கடந்து இரண்டாவது பாதையில் கால் வைத்தபோது மீண்டும் வலப்புறம் திரும்பினேன். நின்றுகொண்டிருந்த ரயில் அங்கே இல்லை. அதன் இடத்தில், என்னை நோக்கிப் பாய்ந்து வரும் வேறொரு ரயில் இருப்பதுபோல இருந்தது. எப்படித் தாண்டினேன் என்பது நினைவில்லை. என் மேலாடையை இழுத்த காற்றும் செவியை அடைத்த ஓசையும் மட்டும் நினைவிருக்கின்றன.

கேட்டைக் காக்கும் முதியவர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. "மகராஜ், ரயில் நிற்கிறது என்று நினைத்தீர்களா?" என்று மட்டும் வங்காளியில் கேட்டார். ஆமென்று தலையசைத்தேன். "எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், எனக்கும் இன்றுவரை அப்படித்தான் தெரிகிறது. அதனால் நான் கண்ணால் பார்த்து கேட்டை மூடுவதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் எண் சொல்வார், குறித்துக்கொள்வேன், மூடுவேன்" என்றார்.

அன்று மாலை நான் பேச வேண்டிய தலைப்பு விவேகம். மேடையில் அமர்ந்திருந்தபோது சொற்கள் எளிதில் வரவில்லை. தண்டவாளத்தில் நடந்ததை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் ஒரு குறையே என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த நிகழ்ச்சி என்னுள் ஒரு கேள்வியை விதைத்தது. நான் கவனிக்காமல் நுழையவில்லை. இரு புறமும் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தேன். என் கண் எனக்குக் காட்டியதை நம்பினேன். கண் காட்டியது பொய். அப்படியானால் நான் குற்றவாளியா, ஏமாற்றப்பட்டவனா? உயிர் போயிருந்தால் அது என் அசட்டையின் விளைவா, இயற்கை என் கண்ணில் வைத்த குறையின் விளைவா? இதை நெறியின் பக்கமிருந்து ஆராய்வதற்கு முன், கண் என்ன செய்கிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

கண் என்ன காண்கிறது?

நேரே நம்மை நோக்கி வரும் பொருளின் வேகத்தைக் கண் நேரடியாகக் காண்பதில்லை. பக்கவாட்டில் ஓடும் பொருள் கண்முன் இடம்விட்டு இடம் பெயர்கிறது. அதன் அசைவு நமக்குத் தெரிகிறது. எதிரே வரும் பொருளோ இடம் பெயர்வதில்லை. அதே இடத்தில் இருந்தபடி பருக்கிறது. அந்தப் பருத்தலிலிருந்துதான் அது வருகிறது என்பதையும், எத்தனை விரைவில் வரும் என்பதையும் மனம் ஊகிக்க வேண்டும்.

இதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ரயிலின் முகப்பு சுமார் மூன்றரை மீட்டர் அகலம் என்று கொள்வோம். 400 மீட்டர் தொலைவில் அந்த முகப்பு வானில் உள்ள முழுநிலவின் அளவே தெரியும். நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்தில் ஏறத்தாழப் பாதி. அந்த ரயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வந்தால், விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டரைக் கடக்கும். 400 மீட்டரைக் கடக்க அதற்குத் தேவை 14 விநாடிகளுக்குச் சற்று மேல். முதல் 5 விநாடிகள் சென்ற பிறகு அது ஒன்றரை நிலவின் அளவே இருக்கும். 10 விநாடிகள் முடிந்தபோதும் மூன்று நிலவின் அளவைச் சற்றே தாண்டியிருக்கும். ஆனால் நம்மை அடைவதற்கு ஒரு விநாடி இருக்கும்போது அது பதினான்கு நிலவின் அளவு பருத்துவிடும்.

நமக்கிருந்த அவகாசத்தின் பெரும்பகுதியில் அந்த உருவம் ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. மாற்றம் முழுவதும் கடைசிச் சில விநாடிகளில் வந்து குவிகிறது. தொலைவு பாதியாகும்போது உருவம் இரு மடங்காகிறது; பருக்கும் வேகமோ நான்கு மடங்காகிறது. தொலைவில் வருவது நிற்பதுபோல் தோன்றுவதும், பிறகு திடீரெனப் பாய்வதுபோல் தோன்றுவதும் இதனால்தான். ரயில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில்தான் வந்தது. ரயிலை ஓட்டுபவர் நம்மைக் கண்டாலும் விலக இயலாது. வண்டி நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும்.

இத்துடன் மற்றொரு மயக்கமும் சேர்கிறது. விமான நிலையத்தில் தரையிறங்கும் பெரிய விமானம் மெதுவாக மிதந்து வருவதுபோலவும், அதே வேகத்தில் வரும் சிறிய விமானம் விரைந்து வருவதுபோலவும் தோன்றும். அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1985-ஆம் ஆண்டு இதைச் சுட்டிக்காட்டி, ரயில்வே கடவுகளில் நேரும் விபத்துகளுக்கும் இத்தகைய மயக்கமே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். பெரிய உடல் மெல்லத்தான் நகரும் என்று மனம் கொள்கிறது. 2013-இல் நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் கணினித் திரையில் ரயிலையும் காரையும் காட்டிச் சோதித்தபோது, ஒரே வேகத்தில் வந்தாலும் ரயிலே மெதுவாக வருவதாகப் பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள்.

சாலையில் இதற்கு எதிரான பிழையும் நேர்கிறது. ஒரே வேகத்தில் ஒரே தொலைவில் லாரியும் மோட்டார் சைக்கிளும் வந்தால், சிறிய உருவமுடைய மோட்டார் சைக்கிள் பிறகுதான் வந்துசேரும் என்று மனம் கணிக்கிறது. குறுக்கே திரும்பும் கார் ஓட்டுநர், "நேரம் இருக்கிறது" என்று நம்பித் திரும்பிவிடுகிறார். ஓரிடத்தில் பருமன் ரயிலை மெதுவானதாகக் காட்டுகிறது. வேறோரிடத்தில் சிறுமை வண்டியைத் தொலைவிலுள்ளதாகக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியலாம். ஆனால் வேர் ஒன்றுதான்: காலத்தைக் கேட்கும் கேள்விக்கு, காலத்தைப் பற்றி ஏதும் அறியாத உருவ அளவு சாட்சி சொல்ல வருகிறது.

குழந்தைகளின் நிலை இன்னும் பரிதாபமானது. 2011-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளால் மணிக்கு 32 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் நேரே வரும் வண்டியின் வருகையை நம்பத்தக்க முறையில் உணர முடியாமல் போகலாம் என்று கண்டது. வேகம் கூடக்கூட அவர்களுக்கு அது நிற்பதாகத் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. "பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்புகிறோம். குழந்தையும் சொன்ன சொல் தவறாமல் பார்க்கிறது. அதன் கண்ணுக்கு எட்டாததை எப்படிப் பார்க்கும்?

கண்ணின் அருந்திறன்

இவ்வளவும் சொல்லிவிட்டு, கண்ணைப் பழித்து நின்றுவிட்டால் அது நன்றியின்மையாகும். கண் வியக்கத்தக்க கணிதமேதையும் ஆகும். வரும் பொருளின் தொலைவையோ, வேகத்தையோ அறியாமலே அது வந்துசேரும் நேரத்தை அறிய ஒரு வழி உண்டு. ஓர் உருவம் 5 விநாடிகளில் இரு மடங்காகப் பருத்தால், வேகம் மாறாதிருக்குமானால், இன்னும் 5 விநாடிகளில் அது நம்மை அடைந்துவிடும். வானியலறிஞர் ஃபிரெட் ஹாயில் 1957-இல் தாம் எழுதிய 'கருமேகம்' என்னும் நாவலில் இக்கணக்கைக் கையாண்டார். உயிர்களின் பார்வையே இந்த விகிதத்தைப் பயன்படுத்துகிறது என்று 1976-இல் டேவிட் லீ என்ற உளவியலறிஞர் விளக்கினார். மீனைக் கண்டு கடலில் செங்குத்தாகப் பாயும் பறவை, நீரைத் தொடும் முன் சரியான கணத்தில் சிறகை மடக்குவதை அவர் இதன்மூலம் ஆராய்ந்தார்.

கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பாருங்கள். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் எறியப்படும் பந்து அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் அவரை அடைகிறது. அவர் பந்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதை 2000-ஆம் ஆண்டு இங்கிலாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பந்து கையைவிட்டுப் புறப்படுவதைக் காண்கிறார். உடனே பந்து தரையில் படப்போகும் இடத்திற்குத் தம் பார்வையை முன்னதாகவே கொண்டுசென்று அங்கே காத்திருக்கிறார். தேர்ந்தவரின் கண் விரைவாகவே அங்கே சென்றுவிடுகிறது.

ஆனால் இத்திறன் வாய்த்த எல்லை குறுகியது. பறவைக்கு நீர், ஆட்டக்காரருக்குப் பந்து: இவை பல்லாயிரம் முறை பழகியவை, அருகிலிருப்பவை, உருவம் தெளிவாகப் பருப்பவை. அந்த எல்லைக்குள் கண் பெற்ற வெற்றி, எல்லைக்கு வெளியேயும் அதை நம்பச் செய்கிறது. நூறு முறை சாலையைப் பத்திரமாகக் கடந்தவன் தண்டவாளத்திலும் அதே துணிவோடு கால் வைக்கிறான். மோசமான கண் நம்மைக் கொல்வதில்லை. அதை நாம் முதலிலேயே நம்பமாட்டோம். பெரும்பாலும் சரியாகவே சொல்லும் கண்தான் ஆபத்தானது.

மூன்று பிரமாணங்கள்

நம் முன்னோர் இதை எப்படி அணுகினார்கள்? கி.பி. 499-இல் இயற்றிய ஆரியபட்டீயத்தில் ஆரியபட்டர், படகில் செல்பவன் கரையிலுள்ளவை பின்னோக்கிச் செல்வதாகக் காண்பதுபோலவே நிலையான விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வதாகத் தெரிகின்றன என்றார். வீட்டு முற்றத்துக் குழந்தை மேகம் ஓடும்போது நிலவு ஓடுவதாகக் கைகொட்டுகிறதே, அந்த மயக்கத்தின் பெருவடிவம் அது. நியாய நூலார் வேறொன்று சொன்னார்கள். ஒருவன் இங்கிருந்து அங்கே போயிருப்பதைக் கண்டால் அவன் நடந்திருக்கிறான் என்று அறிகிறோம். கதிரவனின் நகர்வைக் கண்ணால் காண முடியாது. ஆனால் காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் காண்பதால் நகர்வை அனுமானத்தால் அறிகிறோம் என்றார்கள். கதிரவன் நகர்கிறானா, பூமி சுழல்கிறதா என்பது வேறு கேள்வி. மிக மெல்லிய நகர்வு பிரத்தியட்சத்திற்கு எட்டாது, அனுமானத்திற்கே எட்டும் என்ற அவர்களது நுண்மை இங்கே கருதத்தக்கது.

தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்பவனுக்கும் இந்தப் பிரமாணங்களே துணை. பிரத்தியட்சம் அங்கே தவறுகிறது. அனுமானம் உதவலாம், சற்று நேரம் நின்று, உருவம் வளர்கிறதா என்று பார்த்துக் கணிக்கலாம். ஆனால் அதற்கே அவகாசம் கரைந்துபோகிறது. எஞ்சுவது சப்தப் பிரமாணம், அதாவது நம்பத்தகுந்தவரின் வாக்கு. மூடிய கேட் அத்தகையதொரு வாக்கு. ரயில் எங்கே இருக்கிறது என்பதை உண்மையில் அறிந்த ஒருவர் மற்றொருவருக்கு எண்ணால் சொல்ல, அவர் அதை நமக்கு ஒரு தடையாகச் சொல்கிறார். கேட்டின் கீழே குனிந்தபோது நான் உடைத்தது ஒரு விதியை மட்டும் அல்ல. எனக்குத் தெரியாததைத் தெரிந்த ஒருவரின் சொல்லை, எனக்குத் தெரிந்ததாக நான் நினைத்ததைக் கொண்டு தள்ளினேன்.

1983-இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர்கள் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அவர் அசைவைக் காணும் திறனை மட்டும் இழந்திருந்தார். உருவம், நிறம் எல்லாம் தெரிந்தன. ஆனால் கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பதாகத் தெரிந்தது. நிரம்பி வழிவதைக் கண்டு நிறுத்த முடியவில்லை. சாலையில் கார் முதலில் தொலைவில் இருக்கும். கடக்கலாம் என்று எண்ணும்போது மிக அருகில் இருக்கும். காலப்போக்கில் அவர், பெருகிவரும் ஓசையைக் கொண்டு வண்டியின் நெருக்கத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டார். தம் கண் எதைக் காட்டாது என்பதை அறிந்திருந்ததால் வேறொரு துணையைத் தேடிக்கொண்டார். தண்டவாளத்தின் ஓரத்தில் நாம் அனைவரும் ஓரளவு அவர் நிலையிலேயே இருக்கிறோம். வேறுபாடு ஒன்றே: அவருக்குத் தம் குறை தெரிந்திருந்தது.

அறிந்தும் அகலாத மயக்கம்

இங்கே ஓர் ஐயம் எழலாம். இவற்றையெல்லாம் அறிந்துகொண்ட பிறகு மயக்கம் நீங்கிவிடாதா? நீங்காது. வேதாந்தத்தில் மயக்கத்தை இரு வகையாகப் பிரிப்பது உண்டு. கயிற்றைப் பாம்பென்று கண்டவன் விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் பாம்பு போய்விடுகிறது; பிறகு முயன்றாலும் அந்தப் பாம்பைக் காண முடியாது. செம்பருத்திப் பூவின் அருகே வைத்த ஸ்படிகம் சிவப்பாகத் தெரிவதோ அப்படியன்று. ஸ்படிகம் நிறமற்றது என்று ஐயமற அறிந்த பிறகும், பூ அருகிலிருக்கும்வரை சிவப்பு தெரிந்துகொண்டேதான் இருக்கும். இதை ஸோபாதிக பிரமம், அதாவது உபாதியோடு கூடிய மயக்கம் என்பார்கள். தொலைவில் வரும் ரயில் நிற்பதாகத் தோன்றுவது இந்த இரண்டாம் வகை. தொலைவு என்ற உபாதி உள்ளவரை தோற்றம் மாறாது. முப்பது வருடம் கேட்டைக் காத்த முதியவருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஆகவே இத்தகைய மயக்கத்தில் ஞானத்தின் பயன் தோற்றத்தை அழிப்பதில் இல்லை. தோற்றம் இருந்துகொண்டே இருக்க, அதன்படி நடவாதிருப்பதில் இருக்கிறது. அந்த முதியவர் தமக்குத் தெரிந்ததை வைத்து ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டார்: கண் சொல்வதைக் கேட்காமல் எண்ணைக் கேட்பது. தத்துவம் பயின்ற நான் அதே உண்மையை பாஷ்யத்தில் படித்து, மொழிபெயர்த்து, அச்சுக்கும் அனுப்பியவன். கேட்டின் கீழே குனிந்தவனும் நான்தான்.

குற்றம் யாருடையது?

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். கண் தவறியதற்கு நான் பொறுப்பல்லன்; அதன் அமைப்பு அப்படி. ஆனால் மூடிய கேட்டின் முன் என் கண்ணை நடுவராக அமர்த்தியது என் தேர்வு. அதற்கு நான் பொறுப்பு. அந்தக் கணத்தில் கண்ணைவிட என்னை ஏமாற்றியது அவசரம். "ரயில் நிற்கிறதா?" என்று நான் உண்மையில் கேட்கவில்லை. "நிற்கிறது என்று சொல்" என்று கண்ணிடம் வேண்டினேன். அது சொல்லிவிட்டது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு, காவலில்லாத ரயில்வே கடவை அணுகும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும், நடத்துநரோ உதவியாளரோ கடவுவரை நடந்து சென்று ரயில் வரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும், உதவியாளர் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிச் செல்ல வேண்டும் என்கிறது. இருக்கையிலிருந்து காண்பது போதாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் காவலில்லாத கடவு ஒன்றில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் மாண்டார்கள். 2019 ஜனவரி இறுதிக்குள் அகல ரயில் பாதைகளில் இருந்த காவலில்லாக் கடவுகள் அனைத்தும் அகற்றப்பட்டதாக அரசு அறிவித்தது. மனிதக் கண்ணை நம்பி விடப்பட்ட இடங்கள் அவை. அவற்றை அகற்றியது பெரிய அறம் என்றே சொல்வேன்.

ஆனால் குற்றத்தை முழுவதும் கடப்பவர் மேல் சுமத்திவிடலாமா? அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு 2012-இல் அளித்த அறிக்கையில், தண்டவாளத்தை அத்துமீறிக் கடப்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் 6,000 பேர் மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் இறக்கிறார்கள் என்றும் கூறியது. இவர்கள் அனைவரும் அசட்டையானவர்களா? மேம்பாலம் தொலைவிலிருக்கும், தலையில் சுமை இருக்கும், தாமதமானால் அன்றைய கூலி போகும். என் போன்றவனுக்குச் சொற்பொழிவு தாமதமாகும், அவ்வளவுதான்.

அந்த மும்பையில் நடந்த ஒரு முயற்சியை இங்கே சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டை ஒட்டி வடாலா ரயில் நிலையப் பகுதியில் ஃபைனல் மைல் என்ற நிறுவனத்தார் ரயில்வேயுடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். கடப்பவர்களுக்கு அறிவுரை கூறுவதை அவர்கள் முதன்மையாகக் கொள்ளவில்லை. கண் எங்கே தவறுகிறது என்று ஆராய்ந்தார்கள். தண்டவாளத்தின் கீழுள்ள குறுக்குக் கட்டைகளில் இடைவிட்டு இடைவிட்டு மஞ்சள் வண்ணம் பூசினார்கள். மஞ்சள் பட்டைகளை ரயில் ஒவ்வொன்றாக விழுங்கி வருவதைக் காணும்போது, நிற்பதாகத் தெரிந்த ரயிலின் வேகம் கண்ணுக்குப் புலப்படும் என்பது அவர்களது எண்ணம். ஒரே நீண்ட ஊதலுக்குப் பதில் இரண்டு குறுகிய ஊதல்களை ஒலிக்கச் செய்தார்கள். இடையில் வரும் மௌனம் செவியைத் திருப்பும் என்பது கருத்து. ரயில் தன்மேல் ஏறும் கணத்தில் ஒரு மனிதனின் முகம் எப்படியிருக்கும் என்பதைக் காட்டும் படங்களையும் வைத்தார்கள். அந்த இடத்தில் மரணங்கள் குறைந்ததாகத் தெரிவித்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சற்று நாணமாக இருந்தது. "கவனமாக இருங்கள்" என்று சொல்வது எங்களைப் போன்றவர்களுக்குக் கைவந்த கலை. கேட்பவர் எந்த இடத்தில் இடறுகிறார், ஏன் இடறுகிறார் என்று குனிந்து பார்த்து, அங்கே ஒரு மஞ்சள் பட்டை பூசுவது அதைவிடக் கடினம். பிறர் காண்பதுபோல் ஒரு கணம் கண்டுபார்ப்பதில்தான் கருணை தொடங்குகிறது. சேவை என்று நாம் சொல்லும் சொல்லின் பொருளும் அதுவே.

உள்ளே வரும் ரயில்கள்

ஆசாரியர் இந்த உவமையைத் தந்தது ரயிலுக்காக அல்ல என்பதை மறக்கலாகாது. தொலைவில் செல்வது நிற்பதாகத் தோன்றும் விதி நம் வாழ்விலும் செயல்படுகிறது. முதுமை நமக்கு நாற்பது வயதில் நிற்பதாகத் தெரிகிறது. "பெற்றோருடன் சிறிது காலம் இருக்க வேண்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்கிறோம். ஒரு தீய பழக்கம் வளரவில்லை, அளவோடு இருக்கிறது என்கிறோம். அவை ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்கின்றன. கடைசியில், "எல்லாம் திடீரென்று நடந்துவிட்டது" என்று அழுகிறோம். எதுவும் திடீரென்று நடக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாதகர்களில் பலர், "இத்தனை ஆண்டுகள் ஜபம் செய்தும் ஒரு முன்னேற்றமும் இல்லை" என்று மனம் தளர்கிறார்கள். நல்லதும் தொலைவில் வரும்போது நிற்பதுபோலவே தோன்றும். கண்ணுக்கு வளர்ச்சி தெரியாததை வளர்ச்சி இன்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. அவ்வாறே பிறரைக் குறித்தும், "இவர் திருந்தவேமாட்டார், நின்ற இடத்திலேயே நிற்கிறார்" என்று தீர்ப்பு வழங்கும் முன், அவர் நம் கண்ணுக்கு எத்தனை தொலைவில் இருக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

அந்த ரயில்வே கேட்டின் வழியாகப் பிறகும் பலமுறை சென்றிருக்கிறேன். மூடியிருக்கும்போது காத்து நிற்பேன். வலப்புறம் பார்ப்பேன். தொலைவில் ரயிலின் முகப்பு தெரியும், நிற்பதாகவே தெரியும். சைக்கிள்காரர்கள் சிலர் குனிந்து செல்வார்கள்; என்னைப் பார்த்து, "வாருங்கள் மகராஜ், நேரம் இருக்கிறது" என்று அழைத்தவர்களும் உண்டு. என் கண்ணும் அதையே சொல்லும். "நீ சொல்வது எனக்கும் தெரிகிறது, கேட் திறக்கட்டும்" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு நிற்பேன். பாஷ்யத்தின் அந்தப் பக்கத்தை இப்போது வகுப்பில் எடுக்கும்போது, இரண்டாவது உவமையில் சற்று அதிக நேரம் தங்குகிறேன்.